பழைய அடுப்பும் பழுது நீக்கும் கலையும்

 

இலக்கிய விழாவில் அடுப்பைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழலாம். அடுப்பு தமிழ்க் கவிதைக்குப் புதிய பொருள் அன்று. காட்டில் மறைந்து வாழ்ந்த குமணனைத் தேடிச் சென்ற பெருந்தலைச் சாத்தனார், தம் இல்லத்து வறுமையை உணர்த்த முதலில் எடுத்துக்கொண்டது அடுப்பையே. நெடுநாள் எரியாமையால் காளான் முளைத்த அடுப்பினைப் புறநானூற்றின் 164ஆம் பாட்டிற் காண்கிறோம். ஒரு குடும்பத்தின் நிலையை அதன் அடுப்பு சொல்லிவிடும் என்பதை அப்புலவர் நன்கு உணர்ந்திருந்தார்.

இக்காலத்தில் அடுப்பு எரியாமைக்கு அரிசி இன்மை ஒன்றே காரணம் அன்று. மயிரிழை போன்ற சிறு துளை அடைபட்டாலும் அடுப்பு அணைந்துவிடும். அத்துளையைத் திறக்கும் அறிவு எவரிடம் உள்ளது, எம்மொழியில் உள்ளது என்பது எண்ணத்தக்கது.

அடுப்பு வந்த வழி

மண்ணாற் செய்த விறகடுப்பும் கொடியடுப்பும் பழுதுற்றபோது அவற்றைச் சீராக்கியவர்கள் வீட்டுப் பெண்களே. களிமண்ணும் சாணமும் அவர்தம் கருவிகள். பின்னர்க் குமுட்டி வந்தது. திரி ஸ்டவ் வந்தது. 1892இல் சுவீடன் நாட்டில் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வழித்தோன்றலாகிய பம்ப் ஸ்டவ்வும் வந்தது. அதன் துளையைக் குத்தும் ஸ்டவ் பின் அக்காலத்தில் மளிகைக் கடைதோறும் கிடைத்தது. அதுவரை பழுது நீக்கும் அறிவு சமைப்பவர் கையிலேயே இருந்தது.

இங்கிலாந்தில் ஜேம்சு சார்ப் 1826இல் உரிமம் பெற்ற வாயு அடுப்பின் மரபு நம் நாட்டு நகரங்களில் மெல்லப் பரவியது. இண்டேன் இணைப்புகள் 1965இல் தொடங்கின. தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் வழங்கும் திட்டம் 2007இல் செயற்பட்டது. நடுவணரசின் உஜ்வலா திட்டம் 2016இல் வந்தது. விறகுப் புகையினின்று பெண்களை விடுவித்த பெருமாற்றம் இது. ஆயினும் அடுப்பைத் தந்தவர்கள் அதன் உள்ளமைப்பை அறியும் வழியைத் தந்தார்களா? களிமண் பூசிய கை, வாயு அடுப்பின் முன் அஞ்சி நின்றது. அந்த அச்சம் இயல்பானது. அறியாமையின் விளைவு அது.

சுடர் பேசும் மொழி

எரிவாயு அடுப்பின் இயக்கம் எளிது. உருளையிலிருந்து ரெகுலேட்டர் வழியாக அழுத்தம் குறைந்து வரும் வாயு, ரப்பர்க் குழாயைக் கடந்து வால்வை அடைகிறது. அங்கிருந்து ஜெட் எனப்படும் பித்தளைத் துளையின் வழியே பீறிட்டு வெளிப்படுகிறது. அத்துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. பாய்ந்து வரும் வாயு தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு கலவைக் குழாயிற் புகுந்து பர்னரில் எரிகிறது. ஒரு பங்கு வாயு முற்றும் எரிய ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் நீலச் சுடர் மஞ்சளாகும். பாத்திரத்தில் கரி படியும். நஞ்சாகிய கார்பன் மோனாக்சைடும் தோன்றும். ஆதலின், சுடரின் நிறமே அடுப்பின் நலத்தை உரைக்கும் மொழியாகும்.

பழைய அடுப்புகளின் பர்னர் பெரும்பாலும் கனத்த பித்தளை. அவற்றைப் புதுப்பிக்கும் முறையும் அறியத்தக்கது. முதலில் ரெகுலேட்டரை மூடிக் கழற்றவேண்டும். பித்தளைப் பர்னரைப் புளியும் உப்பும் இட்ட வெந்நீரில் ஊறவைத்துத் துளைகளைத் துலக்கி, ஈரம் சிறிதும் இன்றி உலர்த்தவேண்டும். கலவைக் குழாயிற் சிலந்தி கூடு கட்டியிருந்தால் அதனை நீக்கவேண்டும். மஞ்சள் சுடருக்கு அக்கூடே பலகாற் காரணமாகும். இறுகிப்போன வால்வைக் கழற்றி, காய்ந்த கிரீசைத் துடைத்து, வெப்பம் தாங்கும் புதிய கிரீசைப் பூசவேண்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. வால்வின் உட்கூம்பு ஒவ்வொன்றும் தனக்குரிய குழியோடு சேர்த்து இழைக்கப்பட்டது. ஒன்றன் கூம்பை மற்றொன்றிற் பொருத்தினால் வாயு கசியும். எதுகை பொருந்தினும் பொருள் பொருந்தாச் சொல்லைப் பாட்டில் இடுவது போன்றது அது.

கழிக்க வேண்டுவனவும் உள. எஃகுக் கம்பி பொதிந்த ஆரஞ்சு நிறக் குழாயையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். அதில் ஒட்டுப் போடுதல் உயிருக்கு ஊறு. ஜெட்டின் துளையைத் தடித்த ஊசியாற் குத்திப் பெரிதாக்குதலும் அத்தகையதே. அடைபட்டு நீங்காத ஜெட்டை மாற்றுவதே முறை. கசிவைச் சோப்பு நுரையால் அறியவேண்டும். தீக்குச்சியால் அறிய முற்படுதல் பேரிடரை அழைப்பதாகும். இவ்வாயு காற்றினும் கனமானதாகலின் தரையிற் படிந்து நிற்கும். அதன் வரவை உணர்த்தவே நாற்றமுடைய வேதிப்பொருள் அதிற் கலக்கப்படுகிறது.

காப்பதும் கழிப்பதும்

பழையதைப் போற்றுதல் என்பது பழையதை அப்படியே வைத்திருத்தல் அன்று. பித்தளையைக் காத்து ரப்பரைக் கழிக்கும் அறிவே போற்றுதலாகும். இரண்டையும் எறிந்துவிடுதல் வீண் செலவு. இரண்டையும் வைத்திருத்தல் ஆபத்து. பழமை நீங்குதலையும் புதுமை வருதலையும் நன்னூலார் குற்றமாகக் கொள்ளவில்லை. எது நீங்கவேண்டும், எது நிலைக்கவேண்டும் என்று பகுத்தறிதல் கவிஞர்க்கும் கைவினைஞர்க்கும் பொதுவான கடமை.

இக்கடமையை உத்திரமேரூருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் இவ்வூரிற் பொறித்த கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே உலகம் போற்றுகிறது. அத்தேர்தல் எதற்காக என்பதையும் நோக்குதல் வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டோருள் அறுவர் ஏரி வாரியப் பெருமக்கள். ஏரியை வெட்டிய புகழ் முன்னோர்க்கு உரியது. ஆண்டுதோறும் அதனைப் பேணும் பொறுப்பு இந்த அறுவர்க்கு உரியது. பேணுதலும் ஓர் ஆட்சிப் பணி என்று கல்லில் எழுதிய ஊர் இது.

உலகம் இன்று அந்நெறிக்கே திரும்புகிறது. அமெரிக்காவில் சேம்பர்சு முதலிய பழைய வாயு அடுப்புகளைக் கழற்றித் துலக்கி மீண்டும் சமையலுக்குப் பயன்படுத்துவோர் உளர். ஆம்சுடர்டாமில் 2009இல் மார்ட்டின் போசுட்மா என்னும் அம்மையார், ஊரார் கூடிப் பழுது நீக்கும் மன்றத்தைத் தொடங்கினார். பழுது நீக்கும் உரிமைக்கென இந்திய அரசு 2022இல் ஓர் இணையவாயிலை நிறுவியது.

தமிழ் செய்ய வேண்டுவது

நம் ஊர்த் தெருக்களில் மிதிவண்டியில் வந்து, "கேஸ் அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர்" எனக் கூவும் தொழிலாளரைப் பெண்கள் "அண்ணே" என்று அழைத்துத் திண்ணையில் அமர்த்துவர். அவர் அடுப்பைக் கவிழ்த்துப் பார்த்து, "டியூப்ப மாத்தியே ஆகணும்மா, பர்னர் நல்லா இருக்கு, அத விட்டுடாதீங்க" என்பார். நூலில் ஏறாத நல்ல தமிழறிவு அது. அக்கூவல் அருகி வருகிறது. கண்ணாடி மேற்பரப்பு உடைந்தால் புதிய அடுப்பே வாங்கிவிடும் காலம் இது. தொழிலாளரோடு அவரது அறிவும் மறைந்தால், கசியும் குழாயின் முன் நிற்கப்போவது நம் தாயும் மகளும்தாம்.

ஆதலின், இத்தகைய இலக்கிய வட்டங்கள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. அத்தொழிலாளர் வாய்மொழியைக் கேட்டு, அவர் வழங்கும் சொற்களைத் தொகுத்து, படிப்பறிவு குறைந்தவரும் புரிந்துகொள்ளும் எளிய தமிழில் சிறு நூலாக்குதல் வேண்டும். ஜெட், வால்வு, வாஷர் எனத் தெருவில் நிலைபெற்ற சொற்களை நீக்காமலே அதனைச் செய்யலாம். உயிர் காக்கும் நூலில் தூய்மையினும் தெளிவே முதன்மை. அந்நூலைப் படித்த ஒரு பெண், மஞ்சள் சுடரைக் கண்டதும் காரணம் அறிந்து அடுப்பை அணைத்துவிட்டு, உரியவரை அழைப்பாளாயின், அது தமிழ் செய்த தொண்டாகும்.

புலவர் அன்று அடுப்பைப் பார்த்து வறுமையை உணர்ந்தார். இன்றைய கவிஞர் சற்றே குனிந்து அதன் அடியையும் பார்ப்பாராக.