கப்பல் அறிவிப்பும் ஆங்கிலப் பாடமும்



அந்தமான் தலைநகருக்கு எதிரே, துறைமுக நீரைக் கடந்தால் மறுகரையில் இருப்பது பாம்பூஃப்ளாட். சாத்தம் துறையிலிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் வந்து சேரலாம். சென்னைக்கோ கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். ஆதலால் இங்குள்ள தமிழர் இல்லங்களில் செய்தித்தாளைப் பிரித்ததும் தேடப்படுவது கப்பல் அறிவிப்பே. அந்தமான் நிருவாகம் வெளியிடும் ‘தி டெய்லி டெலிகிராம்ஸ்’ நாளேட்டில் அது ஆங்கிலத்தில் வருகிறது.

என் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் நோயுற்ற தமக்கையைக் காணச் சென்னை செல்லவிருந்தார். கப்பல் ‘அட்வான்ஸ்’ செய்யப்பட்டதாக ஓர் அறிவிப்பு வந்தது. ஏழாம் வகுப்பில் பயிலும் பேரன் அதைப் படித்தான். அட்வான்ஸ் என்றால் அவன் அறிந்தது முன்பணம் ஒன்றே. பயணச் சீட்டுக்கான முன்பணம் பற்றியது என்று சொல்லிவிட்டான். உண்மையிலோ புறப்பாடு ஒரு நாள் முன்னதாக மாற்றப்பட்டிருந்தது. பெரியவர் துறைக்குச் சென்றபோது கப்பல் போய்விட்டது.

பையன் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் பெறுபவன். ஆயினும் பாடநூலின் ஆங்கிலம் அவனுக்குத் தேர்வுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. அன்று முதல் மாலையில் அவனையும் அவன் தோழர்களையும் செய்தித்தாளுடன் அமர்த்தினேன்.

முறை எளிது. தலையங்கம் வேண்டாம், அதன் நீண்ட வாக்கியங்கள் பிள்ளைகளை மருட்டும். நாலைந்து வரி அறிவிப்பைக் கத்தரித்துக் கொடுங்கள். எந்தக் கப்பல், எந்த நாள், எத்தனை மணி என்று கேளுங்கள். பிறகு ‘புறப்படும்’, ‘புறப்பட்டது’, ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்பவற்றுக்குரிய ஆங்கில வினைகளை அடிக்கோடிடச் செய்யுங்கள். இலக்கணக் காலங்கள் அங்கேயே விளங்கும். செய்தியை வீட்டாருக்குத் தமிழில் சொல்லச் செய்யுங்கள். பொருள் புரிந்ததா என்பது அப்போது வெளிப்படும். இறுதியில் நம்மூர்ப் படகுக்குத் தாமே ஓர் அறிவிப்பை ஆங்கிலத்தில் எழுதட்டும்.

பாடநூலில் இல்லாததும் தாளில் கிடைக்கும். போர்ட் பிளேர் என்று நூலில் படித்த பிள்ளைகள், 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயரைத் தாளில் கண்டு காரணம் கேட்டனர். அன்று விவாதம் முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்தது. பிழைகள் மலிந்திருந்தன, ஆனால் ஒருவரும் வாய் மூடியிருக்கவில்லை.

எந்த மாநிலத்தில் நீங்கள் வாழ்ந்தாலும் உங்களுக்கும் ஒரு கப்பல் அறிவிப்பு உண்டு. அது இரயில் நேரமாகவோ, மின்தடையாகவோ, பள்ளிச் சேர்க்கையாகவோ இருக்கலாம். பழைய தாளை எடைக்குப் போடுமுன் அதைக் கத்தரித்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். எங்கள் சிறுவன் இப்போது பாட்டனாருக்குக் கப்பல் செய்தியை இருமுறை படித்துப் பார்த்தே சொல்கிறான்.