அச்சுக்கோக்கக் கற்பிக்கும் நூல்கள்

பெங்களூரின் கீழ்ப்புறத்து வைட்ஃபீல்டில் பிழைப்பை நாடிக் குடியேறிய நம்மவருள் ஆய்வேடு எழுதுவோர் உளர். பாட்டியார் பாடிய தாலாட்டுகளைத் தொகுத்து நூலாக்க விழைவோரும் உளர். இவ்விரு சாராருக்கும் ஏற்ற கருவி 'லேடெக்' என்னும் அச்சுக்கோப்பு முறை.

டொனால்ட் நூத் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், தம் நூலின் மறுபதிப்புக்கென வந்த அச்சுப்படி அழகு குன்றியிருக்கக் கண்டு, 1977-இல் 'டெக்' என்பதை அமைக்கத் தொடங்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் எழுப்பியதே லேடெக். எழுத்தினிடையே கட்டளைகளை நாம் இட, வரி முறிப்பையும் பக்க அமைப்பையும் கணினி பார்த்துக்கொள்கிறது.

எந்நூலைக் கொண்டு கற்பது? 2023 முதல் வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ ரயிலிலேயே மகாத்மா காந்தி சாலைக்குச் செல்லலாம். அருகிலுள்ள சர்ச் தெருவில் பழம்புத்தகக் கடைகள் உண்டு. அங்கே விலை மலிவென்று தடித்த நூலைத் தூக்கிவிடலாகாது. முதல் எடுத்துக்காட்டைப் பார்க்கவேண்டும். அது 'டாக்குமென்ட்ஸ்டைல்' என்று தொடங்கினால், நூல் 1994-க்கு முற்பட்ட முறையைச் சார்ந்தது, வைத்துவிடுவோம். இன்றைய முறையில் அச்சொல் 'டாக்குமென்ட்கிளாஸ்'. நூத் 1984-இல் வெளியிட்ட 'டெக்புக்' பெருநூல்தான். எனினும் தொடக்கத்தில் அதை எடுப்பது, அரிச்சுவடி அறியாதவன் நன்னூலைப் புரட்டுவதை ஒக்கும். 2023-இல் இரு பகுதிகளாக வந்த 'லேடெக் கம்பேனியன்' மூன்றாம் பதிப்போ, ஐயம் எழும்போது புரட்டிப் பார்க்க வேண்டியது. முதலிலேயே பொருள் செலவிட வேண்டுவதில்லை.

முதல் நூலுக்குக் காசே வேண்டாம். டோபியாஸ் ஓடிக்கர் முதலியோர் எழுதிய சிற்றறிமுகம் இணையத்தில் இலவசம். இத்தனை நிமிடங்களில் லேடெக் என்று அதன் துணைத்தலைப்பு கூறும். பதிப்புக்குப் பதிப்பு அந்நிமிடக் கணக்கு மாறுவது வேடிக்கை! திருவனந்தபுரத்து இந்திய டெக் பயனர் குழு 2003-இல் அளித்த பாடநூலும் அவ்வாறே இலவசம், தெளிவானது.

ஆனால் தாலாட்டை அச்சிட இப்பாடநூல் போதாது. யூனிகோடு எழுத்துருக்களை நேரே ஏற்கும் 'ஸீடெக்', ஜோனதன் கியூ என்பாரால் 2004-இல்தான் வெளிவந்தது. பின்னர் 'லுவாடெக்' வந்தது. 'கொ' என எழுதுங்கால் ககரத்தின் இருபுறமும் குறிகள் தத்தம் இடத்தில் அமைய வேண்டுமன்றோ? ஆதலின், 'ஃபான்ட்ஸ்பெக்', 'பாலிகிளாசியா' என்னும் துணைத்தொகுப்புகளை விளக்கும் நூலே தமிழுக்கு உதவும். ஓடிக்கர் நூலின் பிற்காலப் பதிப்புகளில் இவை இடம்பெறுகின்றன. பழைய படி கைக்கு வந்தால் புதியதைத் தேடிக்கொள்வோம். தாலாட்டின் நான்கடியை ஒரு மாலையில் கோத்துப் பார்த்தால், கொம்பும் காலும் சரியாக விழுந்தனவா என்பது அப்போதே தெரிந்துவிடும்.