மீதி 3 மார்க் 60

கணக்கு வழக்குப் பேசுகிற நான் இந்த மாதம் ஒரு பிஸ்கட் தகரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

போன மாதம் வீட்டுக் கெல்லரைத் துப்புரவாக்கும்போது மகள் அதைக் கண்டெடுத்தாள். உள்ளே பழைய ரெலிபோன் காட்டுகள், எண்ணிப் பார்த்தால் 63. "அப்பா, இதெல்லாம் என்ன பாங்க் காட்டா?" என்று கேட்டாள். சொன்னேன். உடனே கைத்தொலைபேசியில் விலை தேடினாள். "ஒன்று ஒரு ஐரோவும் போகாது போல. ஏன் இதைக் கட்டிக் காக்கிறீங்கள்?"

நியாயமான கேள்விதான். பெறுமதி இல்லாத சொத்தைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லித்தான் நானும் வாடிக்கையாளர்களுக்கு ஆலோசனை சொல்லுகிறேன்.

இந்த அட்டையின் கதை சுவையானது. அட்டைக்குள் சில்லு வைக்கும் யோசனைக்கு 60களின் இறுதியிலேயே ஜேர்மனியரான ஹெல்முட் குரோட்ரப்பும் யூர்கன் டெத்லொஃபும் காப்புரிமை கேட்டிருந்தார்கள். குரோட்ரப் அதற்கு முன் ரொக்கெட் பொறியியலாளர். 1974இல் பிரான்சில் ரோலன்ட் மொரேனோ தன் காப்புரிமையைப் பதிந்தார். இன்று உங்கள் பணப்பையில் இருக்கும் வங்கி அட்டைக்கு இவர்கள்தான் முன்னோடிகள். ஜேர்மனியில் அஞ்சல் திணைக்களம் 80களில் பரீட்சித்துப் பார்த்து, பிறகு நாடெங்கும் அட்டைத் தொலைபேசிகளைப் பொருத்தியது. 12 மார்க் அட்டை, 50 மார்க் அட்டை என்று வாங்கினோம். சொருகினால் சின்னக் கண்ணாடியில் மீதிக் காசு தெரியும். பேசப் பேச அது இறங்கும்.

அட்டைகளில் படம் அச்சிட்டார்கள். அதோடு சேகரிப்பவர்களும் வந்துவிட்டார்கள். முத்திரை சேர்ப்பவர்களுக்கு விலைப்பட்டியல் போடும் மிக்கல் நிறுவனம் ரெலிபோன் காட்டுக்கும் தனிப் பட்டியல் போட்டது. நிறுவனங்கள் தங்கள் பெயரில் சிறு தொகை அட்டைகளை அடிப்பித்தன, அவற்றுக்குத்தான் போட்டி. பலர் பாவிக்காமலே அல்பத்தில் வைத்தார்கள். கணக்காளன் கண்ணுக்கு அது வேடிக்கையான வியாபாரம்! விற்றவருக்குக் காசு வந்துவிட்டது, கொடுக்க வேண்டிய சேவையைக் கேட்க ஆள் இல்லை. பாவிக்காத மீதி, காலம் முடிந்ததும் இல்லாமற் போய்விடும் என்ற நிபந்தனை நீதிமன்றம் வரை போய், 2001இல் கார்ல்ஸ்ரூவ உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது.

அமெரிக்காவில் இதே ஆசை பேஸ்போல் அட்டையில். மிக்கி மான்டில் என்ற ஆட்டக்காரரின் 1952ஆம் ஆண்டு அட்டையொன்று 2022இல் 12.6 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. பெரும்பாலானவர்கள் அந்தக் காலத்து அட்டைகளை எறிந்துவிட்டதால்தான் எஞ்சியதற்கு விலை. பின்னர் 80களின் இறுதியில் எல்லோரும் பத்திரப்படுத்தத் தொடங்கினார்கள், கம்பனிகளும் அள்ளி அச்சிட்டன. அவை இன்று பெரும்பாலும் கடதாசி விலைதான். எங்கள் ரெலிபோன் காட்டுக்கும் அதே கதி.

நான் வந்த 1993இல் எங்கள் அகதி விடுதியில் ஒரு தம்பி இருந்தான். ஞாயிறு காலையில் தொலைபேசிக் கூண்டுகளைச் சுற்றி, ஆட்கள் எறிந்த வெறும் அட்டைகளைப் பொறுக்குவான். "அண்ணை, முடிஞ்ச காட்டை எறியாதேங்கோ, வெள்ளையள் வாங்குவினம்" என்பான். நாங்கள் சிரித்தோம். அவன் பழம்பொருட் சந்தையில் விற்று, அந்தக் காசில் புது அட்டை வாங்கி ஊருக்குப் பேசினான். சிரித்த நாங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

அந்த ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி எங்களுக்குக் கைச்செலவு மாதம் 80 மார்க். அதில் 50ஐ ஒரே அட்டைக்குக் கொடுத்தேன். 1990இல் சண்டை மீண்டும் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா கிளாலிக் கடல் கடந்து, வவுனியா வந்து, கொழும்பில் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தங்கி, இன்ன நாள் இன்ன நேரம் எடு என்று கடிதம் போட்டிருந்தா.

டிசம்பர் மாதம், மஞ்சள் கூண்டு, வெளியே இரண்டு பேர் காத்து நிற்கிறார்கள். லொட்ஜ்காரர் அம்மாவைக் கூப்பிட்டு வருவதற்குள்ளேயே காசு இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா வந்தா. "தம்பி, சாப்பிட்டியே? குளிருக்கு என்ன உடுப்பு?" நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, காசு ஓடுது, விசயத்தைச் சொல்லுங்கோ" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "ஒண்டுமில்லையப்பு. உன்ரை குரலைக் கேக்கத்தான். மிச்சத்தைக் கடிதத்திலை எழுதுறன்." வைத்துவிட்டேன். மீதி 3 மார்க் 60. அடுத்த முறைக்கு உதவும் என்று அட்டையின் ஓரத்தில் பேனையால் அந்தத் தொகையைக் குறித்தேன். சிக்கனமாக முடித்ததில் உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

அப்பாவுக்குச் சுகமில்லை என்று சொல்லத்தான் அம்மா அவ்வளவு தூரம் வந்திருந்தா. அந்தக் கடிதம் என் கைக்கு வந்தபோது அப்பா போய் மூன்று கிழமை.

அம்மாவிடம் இதைப் பிறகு ஒருமுறைதான் கேட்டேன். "நீ அவசரப்பட்டாய், அதுதான் விட்டனான்" என்றா. கோபம் எதுவும் இல்லாமல்தான் சொன்னா.

1998 ஜனவரியில் தொலைபேசிச் சேவையின் தனியுரிமை முடிந்தது; எங்கள் கடைகளில் மலிவுக் காட்டுகள் தொங்கின, இரகசிய இலக்கம் சுரண்டி மணிக்கணக்கில் பேசினோம். இப்போது வட்ஸ்அப். பொதுத் தொலைபேசிகளில் 2022 நவம்பர் 21 உடன் நாணயமும், 2023 ஜனவரி முடிவோடு அட்டையும் நின்றுபோயின. 1881இல் பேர்லினில் தொடங்கிய பொதுத் தொலைபேசிக்கு அத்தோடு முடிவு.

மகளுக்கு அந்த ஒரு அட்டையை மட்டும் எடுத்துக் காட்டிக் கதையைச் சொன்னேன். பேனை எழுத்து மங்கலாக இன்னும் தெரிகிறது. அவள் கணக்குப் போட்டாள்: ஒரு ஐரோவுக்கு 1.95583 மார்க், ஆகவே 1 ஐரோ 84 சதம். "இப்ப அப்பம்மாவுக்கு எடுப்பமா?" என்றாள். எடுத்தோம். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். முக்கால் மணித்தியாலம் பேசினா, அதில் பாதி பக்கத்து வீட்டு மாமரத்தைப் பற்றி.

மற்ற 62ஐயும் மகள் விற்கட்டும். நேயர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தகரம் இருந்தால், கொடுப்பதற்கு முன் எந்த அட்டையில் யாருடன் பேசினீர்கள் என்று ஒரு துண்டில் எழுதி நிலையத்துக்கு அனுப்புங்கள். வாசிக்கிறோம்.