அயல்நாட்டுக் கல்வி: கனவும் கணக்கும்



1913 ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். பரோடா மன்னர் அளித்த உதவித்தொகை, திங்களுக்கு 11½ பவுண்டு. பின்னர் இலண்டனில் தொடங்கிய படிப்பு, உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917 இல் பாதியில் நின்றது. அவர் மனந்தளரவில்லை. பம்பாயில் பேராசிரியராகி ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் உதவினார். பார்சி நண்பர் ஒருவர் கடன் கொடுத்தார். 1920 இல் மீண்டும் இலண்டன் சென்று படிப்பை முடித்தார். அம்மேதைக்கே கணக்குத் தேவைப்பட்டதெனில் நமக்குத் தேவைப்படாதா?

ஆவடியில் என்னிடம் பயின்ற ஒருவனின் தந்தை, தரகர் சொல்லை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தார். முதலாண்டுக் கட்டணத்தோடு பணம் தீர்ந்தது. மகன் பட்டமின்றித் திரும்பினான். அவனிடம் அறிவுக்குக் குறைவில்லை. வழி சொல்லத்தான் ஆளில்லை. அக்குறையில் ஆசிரியனாகிய எனக்கும் பங்குண்டு.

ஆகவே இளைஞர்களே, முதற்பட்டத்தை இங்கேயே குறைந்த செலவில், 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் பெறுங்கள். முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு. 35 வயதுக்குட்பட்ட, குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சத்துக்கு மிகாத நம்மவர் விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பயிற்றுக் கட்டணம் இல்லை. ஆயினும் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இன்றே பெற்று வையுங்கள்.

தரகரிடம் செல்லுமுன் நம் சங்கத்திற்கு வாருங்கள், உடனமர்ந்து கணக்கிடுவோம். வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்!