கடுக்கனும் தீப மையும்



கார்த்திகைத் தீபப் பெருவிழாவில் அண்ணாமலையாரின் திருமுன் கூடியிருக்கின்றோம். நம் வீட்டுப் பெட்டியில் நாம் பூட்டி வைத்திருக்கும் ஒரு பொருளைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். மறைந்த அன்னையின் புடைவையாக இருக்கலாம். தந்தையாரின் கைத்தடியாக இருக்கலாம். அதைக் கொடுத்துவிட்டால் அவரையே மறந்தவர் ஆவோமோ என்று நெஞ்சம் அஞ்சுகின்றது. அவ்வச்சத்திற்கு இத்திருத்தலத்திலேயே விடை உண்டு.

1896ஆம் ஆண்டு. மதுரையினின்று புறப்பட்ட 16 வயது வேங்கடராமன், திருக்கோவலூரை அடுத்த கீழூரில், பிறந்த வீட்டிலிருந்து காதில் அணிந்து வந்த பொற்கடுக்கன்களை முத்துக்கிருஷ்ண பாகவதரிடம் அடகு வைத்து 4 ரூபாய் பெற்றார். பின்னர் மீட்டுக்கொள்ள வசதியாகப் பாகவதர் முகவரி எழுதிக் கொடுத்தார். வேங்கடராமன் அச்சீட்டைக் கிழித்தெறிந்தார். செப்டம்பர் 1ஆம் நாள் இங்கு வந்து, அருணாசலேசுவரர் சந்நிதியில் தம்மை ஒப்புவித்தார். எஞ்சிய காசையும் ஐயங்குளத்தில் எறிந்தார். அவரே பின்னாளில் ரமண மகரிஷி.

பொருளை எறிந்தவர் நினைவையும் எறிந்தாரா? இல்லை. பல்லாண்டுகள் கழித்தும் அப்பயணத்தை அடியார்களிடம் விரிவாக எடுத்துரைத்தார். அன்பைத் துறந்தாரா? அதுவும் இல்லை. 1916இல் தம்மிடம் வந்து தங்கிய அன்னை அழகம்மையாரை ஏற்றுக்கொண்டார். 1922 மே 19ஆம் நாள், அன்னையின் இறுதி வேளையில், அவர் நெஞ்சிலும் தலையிலும் கை வைத்து அருகிலேயே அமர்ந்திருந்தார். அன்னையின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்திற்கு 1949இல் குடமுழுக்கு நிகழ்ந்தது.

மலையுச்சியில் ஏற்றும் தீபத்தையும் எண்ணிப் பாருங்கள். 11 நாள்கள் சுடர்கின்றது. நெய்யும் திரியும் எரிந்து போகின்றன. எஞ்சிய மையை ஆருத்திரா தரிசனத்தன்று நடராசப் பெருமானுக்குச் சாத்தி, அன்பர்களுக்கு வழங்குகின்றனர். நெற்றியில் இட்டு மகிழ்கின்றோம். நெய்யைக் குடத்திலேயே காத்திருந்தால் தீபமும் இல்லை, மையும் இல்லை.

இல்லறத்தார் அனைத்தையும் குளத்தில் எறிய வேண்டும் என்பதன்று. அன்னையின் புடைவை பூச்சிக்கு இரையாவதைவிட, மாற்றுடை இல்லாத ஒரு தாய்க்குப் பயன்படட்டும். கொடுக்கும் முன் பிள்ளைகளை அருகே அமர்த்திக்கொள்ளுங்கள். பாட்டி எந்த நாளில் அதை உடுத்தினார், யாருக்கெல்லாம் சோறிட்டார் என்று சொல்லுங்கள். கண் கலங்கினால் கலங்கட்டும். புடைவை ஓர் ஏழையின் தோளுக்குப் போகும். பாட்டி பேரப்பிள்ளையின் நெஞ்சுக்குள் வருவார்.

பற்றை விடுவோம், அன்பை விடோம். அண்ணாமலையார் அருள்வாராக!

திருச்சிற்றம்பலம்.