சென்று மீளும் விண்கலம்

(வெள்ளி விழாச் சிறுவர் அரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



தீபாவளி வாணம் மேலே போகும். கருகிய குச்சிதான் கீழே வரும். விண்வெளி ராக்கெட்டுகளும் நெடுங்காலம் அவ்வாறே ஒருமுறை பறந்து அழிந்தன. போன கலமே மீண்டு வந்து மறுபடியும் பறக்கவேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது அமெரிக்காவின் விண்வெளி ஓடம். 1981 ஏப்ரல் 12 முதல் 2011 ஜூலை வரை அவ்வகை ஓடங்கள் 135 முறை பறந்தன.

ஊதிய பலூனின் வாயைத் திறந்துவிட்டால் காற்று பின்னே பாயும், பலூன் முன்னே ஓடும் அல்லவா? ஓடமும் சூடான வாயுவைக் கீழே பீய்ச்சி மேலெழும். அதன் இருபுறமும் இரண்டு பெரிய வாணங்கள். வயிற்றோடு ஒட்டி ஒரு பெருந்தொட்டி. வாணங்கள் இரண்டு நிமிடங்களில் எரிந்து தீர்ந்து, பாராசூட் விரித்துக் கடலில் விழும். அவற்றை மீட்டு மறுபடி பயன்படுத்தினர். எட்டரை நிமிடங்களில் தொட்டியும் காலியாகிக் கழன்றுவிடும். பழனி மலைப் படி ஏறுகிறவர் காலிக் குடத்தை ஏன் சுமக்கவேண்டும்?

ஏறுவதினும் இறங்குவதே கடினம். மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கலம் காற்று மண்டலத்துள் புகும்போது, அதன் மூக்கும் இறக்கை விளிம்பும் 1,600 டிகிரிக்குக் காயும். ஓடத்தின் உடலோ அலுமினியம். 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே விளிம்புகளில் கரிப்பொருள் தகடுகளைப் பொருத்தி, வயிற்றுப்புறமெங்கும் சிலிகா ஓடுகளை ஒட்டினர். நம் பக்கத்துக் கரும்பாலைக் கொட்டகையில் கொப்பரை கொதிக்கும்போதும் மண் அடுப்பின் சுவர் சூட்டை மெல்லவே வெளியே விடும். சிலிகா ஓடு அதனினும் பன்மடங்கு வல்லது. உள்ளே செந்தணலாய் ஒளிரும்போதே அதன் முனைகளை வெறுங்கையால் பிடிக்கலாம்!

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா ஏறுகையில், தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. பொறியாளர் சிலர் ஐயுற்று, படமெடுத்துப் பார்க்கக் கேட்டனர். மேலிருந்தோர் தேவையில்லை என்றுவிட்டனர். பிப்ரவரி 1 அன்று திரும்புகையில் அந்த ஓட்டை வழியே அனல் புகுந்து கலம் சிதறியது. நம் கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். 1986இல் சேலஞ்சர் வெடித்ததற்கு முன்னிரவிலும், குளிரில் ரப்பர் வளையம் இறுகும் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொல்லும் எடுபடவில்லை. வகுப்பில் ஐயம் கேட்டு, "உட்கார்" என்று அடக்கப்பட்ட கடைசி வரிசைப் பிள்ளைகளுள் நாமும் ஒருவராக இருந்தோம். அதனால் இச்செய்தி நம்மை இன்றும் உறுத்துகிறது.

நம் நாடும் இத்துறையில் இறங்கியது. 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த சிறு இறக்கைக் கலம் 65 கிலோமீட்டர் உயரம் சென்று வங்கக் கடலில் இறங்கிற்று. 2023 ஏப்ரல் 2 அன்று, கர்நாடகத்துச் சித்திரதுர்கா மாவட்டத்தில், நாலரை கிலோமீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டர் விட்ட கலம் ஆளின்றித் தானே ஓடுபாதையில் இறங்கியது. 2024இல் இருமுறை புஷ்பக் என்னும் பெயரோடு அவ்வாறே இறங்கியது.

இறங்கும்போது இயந்திரம் ஓடாது. பருந்து சிறகசைக்காமல் மிதந்து வருவதுபோல் வரவேண்டும். தவறினால் மறுபடி மேலேற வழியில்லை. அட்டையில் செய்த மாதிரிக் கலம் ஒன்று மேசைமீது இருக்கிறது. பெரியவர்கள் சற்று வழிவிடுங்கள். பின்வரிசைப் பிள்ளைகள் முதலில் வந்து தொட்டுப் பார்த்து, கேட்கவேண்டியதைக் கேட்கட்டும்.