மணிபல்லவத்தில் இறங்கியவர்கள்



வானத்திலே பறக்க வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு எப்பொழுது உண்டாயிற்று என்று ஆண்டும் நாளும் குறித்துவிட முடியாது. பறவை ஒன்றை முதன்முதலாக அவன் அண்ணாந்து பார்த்த அன்றே அது உண்டாகியிருத்தல் கூடும். பறப்பதற்குப் பொறி வருமுன்னரே நூல் வந்துவிட்டது. ஆதலால் மனிதன் முதலில் ஏட்டிலேதான் பறந்தான். பறந்து எங்கே செல்ல விரும்பினான்? பசியும் பிணியும் மூப்பும் இல்லாத ஓரிடத்துக்கு. துறக்கம் என்றும் பொன்னுலகம் என்றும் நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டார்கள்.

கிரேக்கர் கதையிலே இக்காரஸ் என்னும் இளைஞன் மெழுகினால் ஒட்டிய சிறகுகளோடு ஞாயிற்றை நெருங்கினான். மெழுகு உருகிற்று, கடலிலே வீழ்ந்தான். நம்மவருடைய சம்பாதியும் ஞாயிற்றை நோக்கிப் பறந்து சிறகு கரிந்தவனே. ஆனால் அவன் சிறகு கரிந்தது தம்பி சடாயுவை வெயில் சுடாதபடி அவனுக்கு மேலே தன் சிறகை விரித்தமையால். அந்த ஒரு வேற்றுமையை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசலாம். வானொலி நிலையத்தார் எனக்கு அவ்வளவு நேரம் தரவில்லை.

நம் காப்பியங்களைப் புரட்டுவோர்க்கு ஒன்று புலனாகும். அவற்றிலே பறந்தவர்களுள் இன்பவுலகிலே போய் இறங்கியவர் மிகச் சிலரே. சீதையை வானவழியே கொண்டுவந்த தேர் அவளைச் சிறையிலே இறக்கிற்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன், கருவுற்றிருந்த தன் தேவி விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பினான். அப்பொறி இறங்கிய இடம் சுடுகாடு. கண்ணகி மட்டும் கணவனோடு விமானம் ஏறி விண்ணகம் புக்காள். அதுவும் மதுரை எரிந்த பின்னர்.

இன்று நான் சொல்ல விரும்புவது நம் வாசற்படிக்கு அருகிலே வந்து இறங்கிய ஒரு பயணத்தைப் பற்றி. அதனைச் சொல்லும் நூல் சாத்தனாரின் மணிமேகலை. 1898-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்து வெளியிட்டார். கந்தபுராணத்தைக் கோயில்தோறும் படித்துப் பயன்சொல்லிய யாழ்ப்பாணத்திலே இந்தப் பௌத்தக் காப்பியத்துக்கு அத்தகைய இருக்கை கிடைக்கவில்லை. அது நமக்கு நட்டமே என்பது என் கருத்து.

புகார் நகரத்து உபவனத்திலே பூக்கொய்யச் சென்ற மணிமேகலையை அரசன் மகன் உதயகுமரன் பின்தொடர்ந்தான். அன்றிரவு மணிமேகலா தெய்வம் அவளைத் துயிலில் ஆழ்த்தி, தழுவி எடுத்து, வானவழியாகத் தெற்கே முப்பது யோசனை தூரம் கொண்டுசென்று மணிபல்லவம் என்னும் தீவிலே வைத்துவிட்டு நீங்கிற்று. இது அவள் வேண்டிப் பறந்த பயணம் அன்று. துயின்றாள், கண்விழித்தபோது வேறொரு நாடு. வெண்மணற் பரப்பும் பூஞ்சோலையும் நீர்நிலையும் உள்ள அழகிய இடந்தான். கவிஞன் ஒருவன் துறக்கத்தைப் பாட வேண்டுமானால் இதைவிட வேறென்ன பாடுவான்? அவளோ தோழி சுதமதியைப் பெயர்சொல்லிக் கூவினாள். மறுமொழி இல்லை. கடற்கரையிலே நின்று, இறந்துபோன தந்தையை நினைந்து அழுதாள். அழகான தீவிலே தனித்து விழித்தெழுந்த பெண்ணுக்கு முதலில் வந்தது கண்ணீர் என்று சாத்தனார் எழுதியதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அழுதவளுக்குப் புத்த பீடிகை ஒன்று தோன்றிற்று. நாகநாட்டு அரசர் இருவர் அதற்காகப் போரிட்டனர் என்றும், புத்தர் வந்து அப்பகையைத் தீர்த்தார் என்றும் கதை. இதே கதையை நாகதீபத்தின்மேல் வைத்து மகாவம்சமும் சொல்கிறது. மணிபல்லவம் நயினாதீவே என்பர் சிலர்; குடாநாடு முழுவதுமே என்பர் வேறு சிலர்; இரண்டையும் ஒப்பாதாரும் உளர். அவ்வழக்கைத் தீர்ப்பது என் வேலை அன்று. குறிகட்டுவான் துறையிலே படகேறி நயினாதீவுக்குப் போகிறவன், நாகபூசணி அம்மன் கோபுரத்தையும் நாகவிகாரையையும் ஒரே கரையில் கண்டதும், அந்தப் பழைய கதையை நினையாமல் இருக்க முடியாது என்பது மட்டும் உறுதி.

அத்தீவிலே தீவதிலகை என்னும் தெய்வம் மணிமேகலைக்குக் கோமுகி என்ற பொய்கையைக் காட்டிற்று. வைகாசி முழுமதி நாளிலே அதிலிருந்து அமுதசுரபி என்னும் பாத்திரம் எழும்; எடுக்க எடுக்கக் குறையாமல் சோறு தரும். அது மணிமேகலையின் கையை அடைந்தது. அந்தப் பாத்திரம் எப்படி அங்கே வந்தது? இந்த இடத்திலேதான் ஆபுத்திரன் கதை வருகிறது. காப்பியம் முழுவதிலும் எனக்கு மிகவும் விருப்பமான பகுதி இது.

ஆபுத்திரன் பிறந்தவுடனே தாயால் கைவிடப்பட்டவன். பசு பாலூட்டி வளர்ந்தவன். வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை அவிழ்த்து விட்டமைக்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன். மதுரையிலே பிச்சை எடுத்துப் பிறர்க்கு ஊட்டிவிட்டு எஞ்சியதை உண்டு கிடந்தான். ஒரு மழையிரவில் பசித்தவர்கள் வந்து சோறு கேட்டபோது, கொடுக்க வழியின்றி அவன் வாடினான். கலைநியமத்திலே வீற்றிருந்த சிந்தாதேவி அமுதசுரபியை அவனுக்கு அளித்தாள். குறையாத சோற்றுப் பாத்திரத்தை அவனுக்குத் தந்தவள் கல்வித் தெய்வம் என்பதை மனத்தில் வைத்திருங்கள். பின்னர் அதற்கு வருவேன்.

அவனுடைய அறத்தினால் இந்திரனுடைய இருக்கை அசைந்தது. இந்திரன் கிழ வேதியன் உருவிலே வந்து, கொடையின் பயனாகத் தேவருலக இன்பத்தைப் பெற்றுக்கொள் என்றான். ஆபுத்திரன் சிரித்தான். உங்கள் நாட்டிலே அறம் செய்வாரும் இல்லை, பிறரைக் காப்பாரும் இல்லை, தவம் செய்வாரும் இல்லை; நுகர்வோர் மட்டுமே இருக்கும் அந்நாட்டில் எனக்கு என்ன வேலை என்ற கருத்துப்படப் பேசினான். துறக்கத்தை அடைய முயன்று தோற்றவர்களை உலக நூல்கள் பலவற்றிலே காணலாம். வாசலுக்கு வந்து அழைத்த துறக்கத்தைப் பார்த்துச் சிரித்தவனைக் காண்பது அரிது.

இந்திரன் சினந்தான். அவன் ஆபுத்திரனுக்குக் கொடுத்த தண்டனை மழை. பாண்டி நாடு செழித்தது. பசித்தவர் இல்லாது போயினர். பாத்திரத்தை ஏந்தியவனை ஏறிட்டுப் பார்ப்பார் இல்லை. சாவக நாட்டிலே மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்று கேள்வியுற்றுக் கப்பலேறினான். காற்று மாறியதால் கப்பல் மணிபல்லவத்திலே ஒருநாள் தங்கிற்று. அவன் இறங்கினான். ஏறிவிட்டான் என்று எண்ணிய மாலுமி இரவிலே பாயை விரித்துப் போய்விட்டான். கையிலே உலகத்துக்கே சோறு போடும் பாத்திரம். சுற்றிலும் உண்பார் ஒருவரும் இல்லை. தான் மட்டும் உண்டு உயிர் வாழ்வதற்கு அவன் உடன்படவில்லை. பாத்திரத்தைப் பொய்கையிலே விட்டு, உண்ணாது கிடந்து உயிர் நீத்தான்.

பதினான்காம் நூற்றாண்டிலே மரிக்னொல்லி என்னும் இத்தாலியத் துறவி இலங்கைக்கு வந்தார். இங்கிருந்து சொர்க்கத்துக்கு நாற்பது மைல் தூரமே என்றும், அங்கே விழும் நீரின் ஓசை இங்கே கேட்கும் என்றும் எழுதிவைத்துப் போனார். வந்தவர்களுக்கு இது சொர்க்கத்தின் பக்கத்து ஊர். இருந்தவர்கள் வேறு திசையைப் பார்த்தார்கள். 1947-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அதன் பெயர் சீதாதேவி. இலங்கையிலிருந்து சீதை வானவழியே வடக்கே போனாள் என்று கேட்டால் கம்பர் புன்முறுவல் பூத்திருப்பார். 1983-ஆம் ஆண்டுக்குப் பின்னர் புறப்பட்டுப் போனவர்களுடைய பயணத்திலோ வேடிக்கை ஏதும் இல்லை. அவர்களுட் பலர் மணிமேகலையைப் போலப் போனார்கள். ஓர் இரவு துயின்று, கண்விழித்தபோது பனி பெய்யும் வேறொரு நாடு. 1995-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தபோது அவர்களுக்கு விமானமும் இல்லை, கப்பலும் இல்லை, மழையிலே நடந்தார்கள்.

போனவர்கள் பாரிசிலும் தொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருந்து நூல்கள் எழுதினார்கள். அந்த நூல்கள் பலவற்றிலே விட்டுவந்த ஊரே பொன்னுலகம் ஆகிவிட்டது. பனந்தோப்பு, கிணற்றடி, வேலியோரத்து முருங்கை, கோயில் மணியோசை. இதனைக் குறையென்று நான் சொல்லவில்லை. மணிமேகலையும் காஞ்சிக்குப் போனபின்னர் மணிபல்லவத்துப் பீடிகையைப் போலவே அங்கே ஒரு பீடிகையை அமைப்பித்தாள். இன்று கடல்கடந்த நகரங்களிலே நம் ஊர்க் கோயில்களின் பெயரால் எழுந்திருக்கும் கோயில்களும் அத்தகையனவே. ஆயினும், அந்தக் கிணற்றடியிலே தண்ணீர் அள்ள உரிமையின்றிக் காத்து நின்றவர்களைக் காட்டாத நூலை நான் முழுவதும் நம்புவதில்லை. கே. டானியல் 1972-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பஞ்சமர்’ நாவலைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஊராரால் துரத்தப்பட்ட ஆபுத்திரனுக்கும் அது விளங்கியிருக்கும்.

சிந்தாதேவிக்கு வருவேன் என்றேன். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முன்னாலே கலைமகளின் சிலை வீற்றிருக்கிறது. ஊரெல்லையை ஒருநாளும் தாண்டாத பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த மண்டபத்திலே மேசைமுன் அமர்ந்து பறந்தார்கள். பயணச்சீட்டு வேண்டியதில்லை. 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் திகதி இரவு அந்நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. கட்டடம் மீண்டும் எழுப்பப்பட்டது; இன்று அங்கே பிள்ளைகள் அமர்ந்து படிக்கின்றனர். எரிந்த சுவடியை மீண்டும் எழுப்புவதற்கு வழியில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வைகாசிப் பறுவத்தன்று நயினாதீவுக்குப் போனேன். படகிலே என் பக்கத்தில் ஓர் ஆச்சி இருந்தார். மடியிலே ஒரு பை. அதை விடாமல் பிடித்திருந்தார். எங்கே போகிறீர்கள் ஆச்சி என்று கேட்டேன்.

“அன்னதானத்துக்குக் காசு கட்டப் போறன் தம்பி. பிள்ளையள் அஞ்சு பேரும் அஞ்சு தேசத்திலை. காசுக்குக் குறையில்லை. மாசம் தவறாமல் அனுப்புதுகள்.”

நல்ல பிள்ளைகள் என்றேன்.

“நல்ல பிள்ளையள்தான். வீடும் பெரிசாக் கட்டித் தந்திருக்குதுகள். உலை வைச்சால் ஆருக்கு வைக்கிறது, சொல்லு பாப்பம்?”

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. குறையாத பாத்திரமும் ஆளில்லாத தீவும் அந்தப் படகிலே என் பக்கத்தில் இருந்தன.

காப்பியத்திலே ஆபுத்திரன் சாவக நாட்டிலே மறுபிறப்பெடுத்துப் புண்ணியராசன் என்னும் அரசன் ஆகிறான். மணிமேகலை வானவழியாக அங்கே சென்று, அவனைப் பழைய தீவுக்கு அழைக்கிறாள். அவன் கப்பலிலே வந்து, மணலைத் தோண்டித் தன் முற்பிறப்பின் எலும்புகளைத் தானே காண்கிறான். விட்டுப்போன மண்ணுக்குத் திரும்பி வருகிறவன் காண்பது சோலையும் பொய்கையும் மட்டும் அல்ல என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார். அரசன் கலங்குகிறான். உன் நாட்டுக்குத் திரும்பிப் போ, உயிர்களுக்கு உணவும் உடையும் உறையுளும் கொடு என்கிறாள் அவள். அந்தத் தீவிலேதான், தான் பிறந்த புகார் நகரைக் கடல் கொண்டது என்ற செய்தியும் அவளுக்குக் கிடைக்கிறது. திரும்பிப் போக அவளுக்கு இனி ஊர் இல்லை. வானத்திலே செல்லும் மந்திரம் அவளிடம் இருந்தது. தேவருலகுக்குப் போகிறேன் என்று அவள் புறப்படவில்லை. வஞ்சிக்குப் போனாள். பின்னர் மழை பொய்த்துக் கிடந்த காஞ்சிக்குப் போய், அங்கே பாத்திரத்தைத் திறந்தாள்.

நயினாதீவிலே அன்னதானம் அமுதசுரபி என்ற பெயராலேயே நடந்து வருகிறது. அன்று பந்தி தொடங்கியபோது, அந்த ஆச்சி பணம் கட்டிய சீட்டை இடுப்பிலே செருகிக்கொண்டு, பரிமாறுகிறவர்களிடம் கரண்டி ஒன்றைக் கேட்டு வாங்கினார். யாரென்று அறியாத பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வோர் இலைக்கு முன்னும் குனிந்து, “இன்னும் கொஞ்சம் போடட்டோ மேனை?” என்று கேட்டுக்கொண்டே போனார். நான் உண்டு எழுந்தபோதும் அவர் உட்காரவில்லை. கடைசிப் படகு மாலையிலே புறப்படும் என்று அவருக்கு நினைவூட்டினேன். தெரியும் தம்பி என்றார், திரும்பிப் பாராமலே.